கடை பில்லிங் ஆப்புக்கு எஸ்கியூலைட் தாங்குமா?

கல்லாப்பெட்டி | 4 நவம்பர் 2025, காலை 10:12

மளிகை, மெடிக்கல், ஹார்டுவேர் கடைகளுக்கான ஜிஎஸ்டி பில்லிங். ஜாங்கோ 5.2 (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்), ஒரே விபிஎஸ் (வாடகை சர்வர்), 4 ஜிபி ராம். இப்போ 240 கடை, கடைக்கு நாளைக்கு சராசரியா 150 பில். டெவலப்மென்ட்ல எஸ்கியூலைட்தான் (ஒரே கோப்புல இருக்கிற டேட்டாபேஸ்). அதையே லைவுக்கும் கொண்டுபோயிடலாம்னு ஒருத்தர் சொல்றார். ஆனா லோட் டெஸ்ட்ல 20 யூசர் விட்டதும் "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும்னா இது வெப் ஆப்புக்கே ஆகாதுன்னுதானே அர்த்தம்? "எஸ்கியூலைட் போதும்"னு இப்போ பக்கம் பக்கமா எழுதறவங்க எதை வெச்சு எழுதறாங்க?

வட்டுத்தலை | 4 நவம்பர், காலை 11:05

முதலில் கணக்கு. 240 கடை, 150 பில், நாளைக்கு 36,000. கடை திறந்திருக்கும் 12 மணி நேரத்துக்குப் பிரித்தால் நொடிக்கு ஒரு பில்கூட இல்லை, 0.83. சாயங்காலக் கூட்டத்துக்குப் பத்து மடங்கு என்றே வையுங்கள், நொடிக்கு 8. பில் தலைப்புக்கு ஒரு வரி, பொருளுக்குப் பத்து வரி, ஸ்டாக் குறைக்கப் பத்து அப்டேட். இவை எல்லாம் சேர்ந்து ஒன்றாகப் பதியும், இல்லையேல் எதுவும் பதியாது, அதுதான் டிரான்சாக்‌ஷன். ஒழுங்காக எழுதிய டிரான்சாக்‌ஷன் சில மில்லிநொடியில் முடியும். ஒருவர் பின் ஒருவராக எழுதினாலும் நொடியின் பெரும்பகுதி எழுதும் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எழுதவிடுவது) சும்மாதான் கிடக்கும்.

எஸ்கியூலைட்டின் சொந்தத் தளமே எஸ்கியூலைட்டில்தான் ஓடுகிறது. நாளைக்கு 4 முதல் 5 லட்சம் கோரிக்கைகள், அதில் 15-20% டேட்டாபேஸைத் தொடும் பக்கங்கள், பக்கத்துக்குச் சுமார் 200 எஸ்கியூஎல் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் பகிர்ந்துகொண்ட ஒரு விஎம்மில்.

ஆகவே உங்கள் "லாக்டு" சுமையால் வந்தது அல்ல. ஜாங்கோவில் இது வரும் வழி பெரும்பாலும் இதுதான்: அடோமிக் பிளாக் (ஒரே டிரான்சாக்‌ஷனாக ஓடும் குறியீடு) தொடங்கும்போது வெறும் "பிகின்" போகிறது, அது எந்தப் பூட்டையும் எடுப்பதில்லை. ஸ்டாக் எவ்வளவு என்று ஒரு செலக்ட், அதோடு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்துத் தரவின் தோற்றம்) கையில் வருகிறது. அடுத்து அப்டேட், இப்போதுதான் எழுதும் பூட்டைக் கேட்கிறது. நடுவில் இன்னொருவர் எழுதிவிட்டிருந்தால் உங்கள் ஸ்னாப்ஷாட் பழசு. காத்திருந்தும் பயனில்லை என்பதால் டைம்அவுட்டைப் பார்க்காமல் உடனே பிழை. டைம்அவுட்டை 5 வினாடியிலிருந்து 60 ஆக்கினாலும் இது போகாது. நிறையப் பேர் அதைத்தான் செய்துவிட்டு எஸ்கியூலைட்டைத் திட்டுகிறார்கள்.

மருந்து: "பிகின் இமீடியட்". ஜாங்கோ 5.1 முதல் டேட்டாபேஸ் ஆப்ஷன்ஸில் "டிரான்சாக்‌ஷன்_மோட்" என்று ஒரு சாவி உண்டு, அதில் "இமீடியட்" கொடுங்கள். பூட்டைத் தொடக்கத்திலேயே கேட்கும், கிடைக்கும்வரை டைம்அவுட் அளவுக்குக் காத்திருக்கும். கூடவே "இனிட்_கமாண்ட்" சாவியில் "பிராக்மா ஜர்னல்_மோட் = வால்". பிராக்மா என்பது எஸ்கியூலைட்டின் அமைப்புக் கட்டளை. வால் (ரைட்-அஹெட் லாக்) என்றால் மாற்றங்களை முதலில் பக்கத்துக் கோப்பில் எழுதுவது. பழைய ஜர்னல் முறையில் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் மறிப்பார்கள். வால் முறையில் எழுதும்போதும் மற்றவர்கள் படிக்கலாம். 2010 இல் 3.7.0 பதிப்பில் வந்தது, இன்றும் அது டீஃபால்ட் இல்லை.

வட்டுத்தலை | 4 நவம்பர், காலை 11:31

இன்னொன்று. ஜர்னல் மோட் கோப்பிலேயே பதிந்துவிடும், ஒரு முறை போட்டால் போதும். பிஸி டைம்அவுட் (பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம்), ஃபாரின் கீஸ் (டேபிள்களுக்கு இடையிலான உறவுச் சரிபார்ப்பு) இரண்டும் கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் போட வேண்டியவை. பைத்தானின் டிரைவர் டைம்அவுட்டை 5 வினாடி என்று வைக்கிறது, ஜாங்கோ ஃபாரின் கீஸைத் தானே ஆன் செய்கிறது. வேறு மொழிக்குப் போனால் இரண்டும் இருக்கும் என்று நம்பவேண்டாம். எஸ்கியூலைட்டின் சொந்த டீஃபால்ட்: டைம்அவுட் 0, ஃபாரின் கீஸ் ஆஃப். கோ மொழியில் கனெக்‌ஷன் பூல் புதுக் கனெக்‌ஷன் திறக்கும்போதெல்லாம் பிராக்மா காணாமல் போகும், அதனால் இணைப்புச் சரத்திலேயே எழுதுங்கள். அங்கே எழுதுவதற்கு ஒரு கனெக்‌ஷன் மட்டும் உள்ள தனிப் பூல், படிப்பதற்கு வேறு பூல் என்று பிரிப்பது நல்ல வழக்கம்.

பழைய டிபிஏ | 4 நவம்பர், மதியம் 1:48

"இமீடியட்" போடச் சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். செட்டிங்ஸில் "அடோமிக்_ரிக்வெஸ்ட்ஸ்" ஆன் ஆக இருந்தால் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு அடோமிக் பிளாக். வெறுமனே பில் பட்டியலைப் பார்க்கிறவனும் எழுதும் பூட்டை எடுத்துக்கொண்டு நிற்பான். முன்னைவிட மோசமாகும்.

வட்டுத்தலை | 4 நவம்பர், மதியம் 2:10

சரியான பிடி. அதை ஆஃப் செய்துவிட்டு, எழுதும் வியூக்களில் மட்டும் அடோமிக் போடுங்கள். அந்தப் பிளாக்குக்குள் டேட்டாபேஸ் வேலை தவிர எதுவும் வேண்டாம். முக்கியமாக வெளி ஏபிஐ (வேறு சர்வரைக் கூப்பிடுவது). 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கடைக்கு ஜிஎஸ்டி பதிவுள்ள வேறு வணிகருக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் போர்ட்டலைக் கூப்பிட்டாக வேண்டும். அது பதில் சொல்ல 3 வினாடி எடுத்தால் அந்த 3 வினாடியும் மீதி 239 கடைகள் நிற்கும். வாட்ஸ்ஆப், எஸ்எம்எஸ், பிடிஎஃப் தயாரிப்பு எல்லாம் அப்படியே. பில்லை "பென்டிங்" என்று கமிட் செய்து, "ஆன்_கமிட்"டில் வேலையை வரிசைக்கு அனுப்பி, பதில் வந்ததும் வேறு சின்ன டிரான்சாக்‌ஷனில் போர்ட்டல் தந்த எண்ணைப் பதியுங்கள். போஸ்ட்கிரஸிலும் (தனி சர்வராக ஓடும் டேட்டாபேஸ்) இது கெட்ட பழக்கம்தான், அங்கே ரோ லாக் (அந்த வரிக்கு மட்டும் பூட்டு) என்பதால் வெளியே தெரியாமல் போகும். இங்கே முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

கல்லாப்பெட்டி | 5 நவம்பர், காலை 9:20

வால் + இமீடியட் போட்டு, அடோமிக் ரிக்வெஸ்ட்ஸை எடுத்தாச்சு. அதே டெஸ்ட், 20 யூசர், ஒரு பிழைகூட இல்லை. ஒரு பிளாக்ல "சிங்க்ரனஸ் = நார்மல்" கட்டாயம் போடணும், இல்லேன்னா வேகம் பாதியாயிடும்னு இருக்கு. போடட்டுமா?

வட்டுத்தலை | 5 நவம்பர், காலை 9:44

வேண்டாம். வால் முறையில் "நார்மல்" என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க் சிங்க் (டிஸ்க்கில் உறுதியாகப் பதிப்பது) நடக்காது, செக்பாயின்ட் (வால் கோப்பில் உள்ளதை மூலக் கோப்பில் சேர்ப்பது) சமயத்தில் மட்டும் நடக்கும். கரண்ட் போனால் கோப்பு கெடாது, ஆனால் கடைசியாக "சேவ் ஆயிற்று" என்று திரையில் காட்டிய சில பில்கள் இல்லாமல் போகலாம். செய்தி ஊட்டம், லைக் எண்ணிக்கைக்கு அது பரவாயில்லை. வாடிக்கையாளர் கையில் அச்சடித்த பில் இருந்து, சிஸ்டத்தில் இல்லை என்றால் கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது?

"ஃபுல்" என்பதுதான் டீஃபால்ட். அதன் விலையையும் கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் டிஸ்க்கில் ஒரு சிங்க் 2 மில்லிநொடி எடுத்தால் நொடிக்கு அதிகபட்சம் 500 கமிட். உங்களுக்குத் தேவை 8. அந்தப் பிளாக் எழுதியவருக்கு 5,000 தேவைப்பட்டிருக்கலாம்.

பழைய டிபிஏ | 5 நவம்பர், மதியம் 12:30

வேகத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என் கேள்விகள் மூன்று. ஒன்று, அந்த விபிஎஸ் செத்தால் என்ன செய்வீர்கள்? போஸ்ட்கிரஸில் வால் ஆர்க்கைவ் இருக்கிறது, குறிப்பிட்ட நிமிடத்துக்குத் திரும்பலாம். இரண்டு, இன்டிஜர் ஃபீல்டில் "அரை கிலோ" என்று எழுதினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் ஒன்றில் பணக்கணக்கா? மூன்று, இண்டெக்ஸ் போடும்போது எழுதுகிற எல்லாரும் நிற்க வேண்டும், போஸ்ட்கிரஸில் உள்ள "கன்கரன்ட்லி" (எழுதுபவரை நிறுத்தாமல் கட்டுவது) கிடையாது.

வட்டுத்தலை | 5 நவம்பர், மாலை 6:02

மூன்றாவதற்குச் சுருக்கமாக: ஆமாம், நிற்க வேண்டும். மளிகைக் கடை இரவு 2 மணிக்குத் திறந்திருக்காது. மெடிக்கல் சில திறந்திருக்கும், அவர்கள் சில வினாடி காத்திருப்பார்கள். டைம்அவுட்டை அந்த நேரத்துக்கு மட்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது: "ஸ்டிரிக்ட்" டேபிள்கள் 2021 இல் 3.37.0 முதல் உண்டு. டேபிள் வரையறையின் முடிவில் அந்தச் சொல். ஜாங்கோ அதைத் தானே போடாது, மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாற்றும் குறியீடு) கையால் எழுத வேண்டும், அதுவும் ஜாங்கோ பயன்படுத்தும் "வார்சார்", "டெசிமல்" போன்ற வகைப் பெயர்களை ஸ்டிரிக்ட் ஏற்காது. இந்தச் சண்டைக்கு நேரமில்லை என்றால் "செக்" கட்டுப்பாட்டில் "டைப்ஆஃப்" வைத்து, பணம் வரும் ஃபீல்டுகளுக்கு மட்டுமாவது இன்டிஜர் தவிர வேறு நுழையாமல் அடையுங்கள். பணம் பைசாவில், இன்டிஜராக. ஜாங்கோவின் டெசிமல் ஃபீல்டு எஸ்கியூலைட்டில் உண்மையான டெசிமல் அல்ல, கூட்டுத்தொகை எடுக்கும்போது உள்ளே மிதவை எண்தான் ஓடும். எடையும் அதேபோல், கிராமில்.

முதல் கேள்விதான் உண்மையான கேள்வி. தனியாக எழுதுகிறேன்.

வட்டுத்தலை | 5 நவம்பர், இரவு 9:15

பேக்கப்.

"ஒரே கோப்புதானே, சிபி (காப்பி) பண்ணிக்கலாம்" என்பது பொறி. வால் முறையில் சமீபத்திய கமிட்டுகள் பக்கத்தில் உள்ள "-வால்" கோப்பில் இருக்கும், சுமார் 1,000 பக்கம், அதாவது 4 எம்பி சேர்ந்ததும்தான் மூலக் கோப்புக்குப் போகும். மூலத்தை மட்டும் எடுத்தால் அந்தப் பில்கள் இல்லை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் நடுவில் செக்பாயின்ட் நடந்து இரண்டும் பொருந்தாமல் போகும். டிஸ்க் ஸ்னாப்ஷாட் வேறு விஷயம். இரண்டு கோப்பும் ஒரே வால்யூமில் ஒரே கணத்தில் பிடிபடுவதால் கரண்ட் போனதற்குச் சமம், திறக்கும்போது தானே சரிசெய்துகொள்ளும்.

இதைவிட நுட்பமான ஒன்று, ஆவணத்தின் "எப்படிக் கெடுப்பது" பக்கத்தில் இருப்பது: உங்கள் ஆப் பிராசஸுக்குள்ளேயே டேட்டாபேஸ் கோப்பைச் சாதாரணக் கோப்பாகத் திறந்து, படித்து, மூடினால், அந்தப் பிராசஸ் அதே கோப்பில் வைத்திருந்த எல்லாப் பூட்டும் கழன்றுவிடும். போசிக்ஸ் (லினக்ஸ், யூனிக்ஸ் பொது விதி) பூட்டு அப்படிப்பட்டது. "பேக்கப் டவுன்லோட்" பொத்தான் வைத்து பைத்தானின் ஓப்பனால் கோப்பை அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

சரியான வழி இரண்டு, இரண்டும் வேண்டும்.

இரவு நகல்: "வேக்யூம் இன்டு" என்று புதுக் கோப்புப் பெயர். 2019 முதல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கான, இறுக்கிய நகல் கிடைக்கும். அதைச் சுருக்கி எஸ்3க்கு (அமேசானின் இணையச் சேமிப்பு) அனுப்புங்கள்.

நொடி நகல்: லைட்ஸ்ட்ரீம். தனிப் பிராசஸாக ஓடி, வால் கோப்பில் சேர்வதை டீஃபால்ட்டாக நொடிக்கு ஒருமுறை எஸ்3க்கு அனுப்பும். சர்வர் எரிந்துபோனால் கடைசி ஒரு நொடி அளவு போகலாம். குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பும் வசதியும் உண்டு. 0.5 பதிப்பில் உள்ளே கோப்பு வடிவமே மாறிவிட்டது, ஆகவே பழைய பதிப்பிலிருந்து ஏறுகிறவர்கள் புது நகலை ரிஸ்டோர் செய்து பார்க்கும்வரை பழைய பக்கெட்டை (எஸ்3 சேமிப்பிடம்) அழிக்காதீர்கள்.

இதில் வழக்கமாகச் சறுக்குவது டெப்ளாய் சமயத்தில். பழைய சர்வரும் புது சர்வரும் சில நிமிடம் சேர்ந்து ஓடி, இரண்டு லைட்ஸ்ட்ரீமும் ஒரே பாதைக்கு எழுதினால் நகல் குழம்பும். பழையதை முழுக்க நிறுத்தி, கடைசி சிங்க் முடிந்து, புதியதில் ரிஸ்டோர், பிறகு தொடக்கம். இந்த வரிசை மாறக்கூடாது.

பக்கெட் மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கட்டும். வாடிக்கையாளர் பதிவுபெற்ற கம்பெனி என்றால் கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது விதி. தனிநபர் கடைக்கு அது பொருந்தாது, ஆனால் யார் எது என்று பிரித்து வைப்பதைவிட எல்லாருக்கும் இங்கேயே வைப்பது எளிது.

ரிஸ்டோர் ஒத்திகையை ஸ்கிரிப்டாக எழுதி வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள்: காலியான மெஷினில் இறக்கு, "இன்டெக்ரிட்டி_செக்" பதில் "ஓகே" என்று வருகிறதா பார், நேற்றைய பில் எண்ணிக்கையும் தொகையும் மூலத்தோடு ஒத்துப்போகிறதா பார், எத்தனை நிமிடம் ஆனது என்று பதி. ஒத்துப்போகவில்லை என்றால் மெயில். வெறும் "பேக்கப் சக்சஸ்" மெயிலால் எந்தப் பயனும் இல்லை.

நைட்ஷிப்ட் | 5 நவம்பர், இரவு 11:52

டிஸ்க் நிறையுது, "-வால்" கோப்பு 6 ஜிபி. அதை ஆர்எம் பண்ணி அழிக்கலாமா? அவசரம்.

வட்டுத்தலை | 5 நவம்பர், இரவு 11:58

கூடாது! அதில் உள்ளது இன்னும் மூலத்துக்குப் போகாத தரவு. வாலை நறுக்கினால் தலையும் போகும்.

யாரோ நீண்ட நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் செக்பாயின்ட் வாலைத் தொடக்கத்துக்குத் திருப்ப முடியவில்லை. ஆப் பிராசஸ்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு "பிராக்மா வால்_செக்பாயின்ட்" அடைப்பில் "ட்ரன்கேட்". பதிலில் முதல் எண் 0 என்றால் முடிந்தது, 1 என்றால் இன்னும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வட்டுத்தலை | 6 நவம்பர், காலை 8:40

நைட்ஷிப்டுக்கு வந்தது கல்லாப்பெட்டிக்கும் வரும், தேதிகூடச் சொல்லலாம்: மாதம் 10, 11. ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11. எல்லாக் கடையும் எக்ஸ்போர்ட் பொத்தானை அமுக்கும். "ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸ்" வைத்து வரி வரியாக அனுப்பினால், கடைக்காரரின் மொபைல் நெட் எவ்வளவு மெதுவோ அவ்வளவு நேரம் அந்த செலக்ட் திறந்தே இருக்கும். அதுவரை வால் வளர்ந்துகொண்டே போகும், படிப்பதும் மெதுவாகும்.

முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, கர்சரை மூடி, பிறகு அந்தக் கோப்பை அனுப்புங்கள். ஆண்டு அறிக்கை மாதிரி கனமானவற்றை முந்தைய இரவின் "வேக்யூம் இன்டு" நகலில் ஓட்டுங்கள். "ஜர்னல்_சைஸ்_லிமிட்" 64 எம்பி என்று வைத்தால் வீங்கிய வால் அடுத்த முறை சுருங்கும், ஆனால் அது வீக்கத்தைத் தடுக்காது. அதைத் தடுப்பு என்று எழுதுகிற கட்டுரைகள் உலவுகின்றன.

நைட்ஷிப்ட் | 6 நவம்பர், காலை 10:05

சரியாச்சு, நன்றி. எக்ஸ்போர்ட்தான். இன்னொரு சிக்கல்: டாக்கர்ல (ஆப்பைக் கன்டெய்னரா அடைச்சு ஓட்டற டூல்) புது இமேஜ் போட்டா டேட்டாபேஸ் காலியா வருது. கோப்பை மட்டும் மவுன்ட் பண்ணினா "ரீட்ஒன்லி டேட்டாபேஸ்"ங்குது.

வட்டுத்தலை | 6 நவம்பர், காலை 10:22

கோப்பை அல்ல, அது இருக்கும் ஃபோல்டரை மவுன்ட் செய்யுங்கள். "-வால்", "-எஸ்ஹெச்எம்" இரண்டும் பக்கத்திலேயே உருவாக வேண்டும், ஆகவே ஃபோல்டரில் எழுத உரிமை வேண்டும். கன்டெய்னருக்குள் ஓடும் யூசர் ஐடி 1000 என்றால் வெளியே ஃபோல்டரின் உரிமையாளரும் 1000.

ஒரே லினக்ஸ் மெஷினில் வெப், வொர்க்கர் என்று இரண்டு கன்டெய்னர் ஒரே ஃபோல்டரைப் பகிரலாம். மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் ஓடும்போது கோப்பை வெளியே ஒரு டூலில் திறந்துகொண்டு உள்ளேயும் ஆப்பை ஓட்டாதீர்கள், நடுவில் ஒரு விஎம் இருக்கிறது, ஷேர்டு மெமரி அதைத் தாண்டாது. என்எஃப்எஸ், ஈஎஃப்எஸ் போன்ற நெட்வொர்க் ஃபோல்டர்கள் வேண்டவே வேண்டாம். ஈபிஎஸ் (மெஷினோடு இணைக்கும் டிஸ்க்) பரவாயில்லை. குபெர்நெட்டஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டும் கருவி) என்றால் ஒரே ரெப்ளிகா, டெப்ளாய் உத்தி "ரீகிரியேட்". அதற்குக் குபெர்நெட்டஸ் எதற்கு என்பது வேறு கேள்வி.

கல்லாப்பெட்டி | 7 நவம்பர், காலை 9:50

பில் நம்பர் பத்தி ஒரு கேள்வி. இடைவெளி இல்லாம வரணும், ஏப்ரல் 1 அன்னைக்குப் புது வரிசை. ஆட்டோ இன்கிரிமென்ட் ஐடியையே வெச்சுக்கலாமா?

வட்டுத்தலை | 7 நவம்பர், காலை 10:15

வேண்டாம். ஐடி எல்லாக் கடைக்கும் பொது, பில் எண் கடைக்குக் கடை தனி. ஜிஎஸ்டி விதி 46 சொல்வது: தொடர் எண், 16 எழுத்துக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் மறுபடி வராமல். கடை, நிதியாண்டு, வரிசை முன்னொட்டு மூன்றையும் சாவியாக வைத்து "கடைசி எண்" என்று ஒரு டேபிள். பில் போடும் அதே டிரான்சாக்‌ஷனில் அதை ஒன்று கூட்டி, "ரிட்டர்னிங்" வைத்து எண்ணை வாங்குங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் திரும்பிவிடும், ஓட்டை விழாது. ரத்து செய்த பில்லை அழிக்காதீர்கள், "ரத்து" என்று குறி மட்டும். முன்னொட்டில் கடைப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் திணித்து 16ஐத் தாண்டிவிடாதீர்கள்.

போஸ்ட்கிரஸின் சீக்வென்ஸ் ரோல்பேக் ஆனாலும் திரும்பாது, அங்கே ஓட்டை விழும். ஒரு புள்ளி எனக்கு.

பழைய டிபிஏ | 7 நவம்பர், காலை 10:40

சீக்வென்ஸை பில் எண்ணுக்கு வைப்பவனை வேலைக்கே எடுக்கக் கூடாது. நாங்களும் அதே டேபிள்தான், "செலக்ட் ஃபார் அப்டேட்". அங்கே பூட்டு அந்தக் கடையின் வரிக்கு மட்டும், உங்களுக்கு ஊருக்கே பூட்டு. புள்ளி ரத்து.

வட்டுத்தலை | 7 நவம்பர், காலை 10:52

ரத்து செய்த புள்ளியையும் அழிக்காமல் குறி மட்டும் போடுங்கள்.

தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "டேட்டைம் நவ்" யுடிசி தரும். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு மெடிக்கலில் போட்ட பில் யுடிசியில் மார்ச் 31 இரவு 8:30. போன நிதியாண்டில் போய் விழும். "லோக்கல்டைம்" போட்டாலும் கன்டெய்னரின் டைம்ஸோன் யுடிசி என்றால் அதேதான். நேரத்தை யுடிசியில் வைத்துக்கொண்டு, "பில் தேதி" என்று தனி ஃபீல்டில் இந்திய நேரப்படி ஆப்பே கணக்கிட்டு எழுதட்டும். நிதியாண்டு அதிலிருந்து மட்டும்.

கல்லாப்பெட்டி | 9 நவம்பர், மாலை 5:30

பொருள் தேடலுக்கு எஃப்டிஎஸ்5 (எஸ்கியூலைட்டோட உரைத் தேடல்) போட்டோம். "மிளகு"ன்னு தேடினா மிளகாயும் வருது. ஸ்டெம்மிங் (சொல்லை வேர்ச்சொல்லாக்கறது) எதுவும் போடலை.

வட்டுத்தலை | 9 நவம்பர், இரவு 7:48

நல்ல எடுத்துக்காட்டு, இந்தியில், தெலுங்கில் தேடுபவர்களுக்கும் இதே வினைதான்.

"யூனிகோட்61" டோக்கனைசர் (உரையைச் சொற்களாக வெட்டுவது) எழுத்து, எண், தனிப்பயன் குறி என்ற மூன்று வகைகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் "மார்க்" வகை. ஆகவே அவை ஒவ்வொன்றும் இடைவெளி போலச் சொல்லை வெட்டும். மிளகு என்பது "ம", "ளக" என்று இரண்டு துண்டு. மிளகாய் என்பது "ம", "ளக", "ய". முதலிரண்டு துண்டு அடுத்தடுத்து இருப்பதால் பொருந்திவிட்டது. தேடும் சொல்லும் அதேபோல் வெட்டுப்படுவதால் பெரும்பாலும் "வேலை செய்வது போல"த் தெரியும், அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

டோக்கனைஸ் வரியில் "கேட்டகரீஸ்" என்று கொடுத்து, ஏற்கெனவே உள்ள எல்* (எழுத்து), என்* (எண்), சிஓ (தனிப்பயன்) மூன்றோடு எம்என், எம்சி (மார்க் வகை) இரண்டையும் சேருங்கள். இருக்கும் டேபிளில் மாற்ற முடியாது, புதிதாக உருவாக்கி நிரப்ப வேண்டும்.

சேர்த்தபிறகு வேறு பக்கம் இடிக்கும்: "மிளகாய்" என்று தேடினால் "மிளகாய்த்தூள்" வராது, ஏனென்றால் அது இப்போது முழுச் சொல். பின்னால் நட்சத்திரக் குறி போட்டு முன்னொட்டுத் தேடலாக அனுப்புங்கள். "டிரைகிராம்" டோக்கனைசர் சொல்லின் நடுவிலும் தேடும், ஆனால் மூன்று குறியீட்டுக்குக் குறைந்தால் ஒன்றும் தராது. "டீ" என்பது இரண்டே குறியீடு. டீக்கடைக்கு விற்க வேண்டாம்.

வட்டுத்தலை | 9 நவம்பர், இரவு 8:10

சேமிக்கும் முன் என்எஃப்சி (ஒரே எழுத்துக்கு ஒரே குறியீட்டு வடிவம்) ஆக்குவதையும் மறக்க வேண்டாம். கோதுமையின் "கோ" ஒரே உயிர்க்குறியாகவும் வரலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. எக்ஸெலில் இருந்து ஒட்டும் பழைய ஸ்டாக் பட்டியலில் இது வரும். தேடும் சொல்லுக்கும் அதையே செய்யுங்கள்.

அகரவரிசை: சாதாரண "ஆர்டர் பை" யூனிகோட் எண்படி அடுக்கும், ற, ன இரண்டும் நம் வரிசைப்படி கடைசியில் வராது, ழகரமும் ளகரமும் இடம் மாறும். ஐசியூ எக்ஸ்டென்ஷனின் தமிழ் கொலேஷன் (அடுக்கும் விதி) சரிசெய்யும். ஆனால் அதில் இண்டெக்ஸ் கட்டினால் ஐசியூ பதிப்பு மாறும்போது "ரீஇண்டெக்ஸ்" கட்டாயம். பொருள் பட்டியல் சில ஆயிரம்தானே, பைத்தானிலேயே தமிழ் வரிசைக்கான கீ கொடுத்து அடுக்கிவிடுங்கள்.

நைட்ஷிப்ட் | 10 நவம்பர், காலை 11:15

கடைக்கு ஒரு கோப்புன்னு பிரிச்சா எழுதும் பூட்டுப் பிரச்சினையே இல்லையே?

வட்டுத்தலை | 10 நவம்பர், மதியம் 12:40

கவர்ச்சியான யோசனை, இந்த வருடப் பேஷனும்கூட. கிளவுட்ஃப்ளேரின் டி1, டூரபிள் ஆப்ஜெக்ட்ஸ், டர்ஸோ போன்ற கிளவுட் சேவைகள் எல்லாம் சின்னச் சின்ன டேட்டாபேஸ் நிறைய என்ற பக்கம்தான் போகின்றன. லாபம் உண்மை: ஒரு கடை கேட்டால் அதன் கோப்பை அப்படியே கொடுக்கலாம், ஒரு கடையை மட்டும் நேற்றைக்குத் திருப்பலாம், வேறு கடையின் தரவு தப்பித் தவறியும் கசியாது.

செலவு: மைக்ரேஷன் 240 முறை ஓடும், 173வது கோப்பில் விழுந்தால் பாதி பழசு, பாதி புதுசு. ஒவ்வொரு கோப்பிலும் "யூசர்_வெர்ஷன்" பதித்து, ஆப் இரண்டு பதிப்பையும் சில நிமிடம் தாங்க வேண்டும். வால் முறையில் கோப்புக்கு மூன்று ஃபைல் டிஸ்கிரிப்டர், யூலிமிட் (ஒரு பிராசஸ் திறக்கக்கூடிய கோப்பு வரம்பு) 1,024 என்றால் சீக்கிரம் தீரும். "அட்டாச்" (ஒரே கனெக்‌ஷனில் சேர்த்துத் திறக்கும் கோப்புகள்) டீஃபால்ட்டாகப் பத்துதான். அட்டாச் செய்த இரண்டு கோப்புகளில் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதினால், வால் முறையில் கரண்ட் போகும் கணத்தில் ஒன்றில் பதிந்து இன்னொன்றில் பதியாமல் போகலாம். கிளைக்குக் கிளை ஸ்டாக் மாற்றம் செய்யும் கடை இருந்தால் அங்கே அடிபடும்.

நொடிக்கு 8 பில்லுக்கு இது தேவையில்லை. ஜாங்கோ இதற்கு ஏற்றதும் அல்ல. ரெயில்ஸ் 8 (ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்) கியூ, கேஷ் உட்பட எல்லாவற்றையும் எஸ்கியூலைட்டில் வைக்கும் வழியை 2024 நவம்பரில் கொண்டுவந்தது, அங்கேகூட வேலைக்கு வேலை தனிக் கோப்பு, வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் அல்ல. அந்தப் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: செஷன், கேஷ், வேலை வரிசை மூன்றும் வேறு கோப்பில். அவற்றுக்கு "நார்மல்" தாராளமாகப் போடலாம்.

வட்டுத்தலை | 10 நவம்பர், மதியம் 1:05

மைக்ரேஷன் என்றதும் நினைவுக்கு வந்தது. எஸ்கியூலைட்டில் ஃபீல்டின் கட்டுப்பாட்டை மாற்ற டேபிளையே மறுபடி கட்ட வேண்டும்: புது டேபிள், நகல், பழையது டிராப், பெயர் மாற்றம். ஃபாரின் கீஸ் ஆன் ஆக இருக்கும்போது டிராப் செய்தால் முதலில் எல்லா வரியும் டிலீட் ஆனதாகக் கொள்ளும். "ஆன் டிலீட் கேஸ்கேட்" இருந்தால் பிள்ளை டேபிள்களும் துடைத்துக்கொண்டு போகும். பில் தலைப்பு டேபிளை மாற்றப் போய்ப் பில் வரிகள் அத்தனையும் காலி. ஆஃப் செய்யும் பிராக்மா டிரான்சாக்‌ஷனுக்குள் வேலை செய்யாது, சத்தமும் போடாது. வெளியே ஆஃப் செய்து, பிறகு பிகின், முடிவில் "ஃபாரின்_கீ_செக்", கமிட், மறுபடி ஆன். ஜாங்கோவின் சொந்த மைக்ரேஷன் இதைப் பார்த்துக்கொள்ளும். கையால் எழுதும் எஸ்கியூஎல்லுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

பழைய டிபிஏ | 11 நவம்பர், காலை 9:30

இவ்வளவு தெரிந்து வைத்துக்கொள்வதற்கு போஸ்ட்கிரஸ் போட்டுவிடலாமே?

வட்டுத்தலை | 11 நவம்பர், காலை 10:20

போடலாம். ஆட்டோவேக்யூம், கனெக்‌ஷன் பூலர், மேஜர் பதிப்பு ஏற்றம், 4 ஜிபியில் ராமைப் பங்கிடுவது எல்லாம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் போட்டுவிடுங்கள். மூன்று பேர் டீமில் அப்படி ஒருவர் உண்டா என்பதே கேள்வி.

நான் போஸ்ட்கிரஸ் பக்கம் சாயும் இடங்கள்: ஆப் சர்வர் இரண்டாவது வேண்டும் என்ற நாள். சர்வர் விழுந்தால் அரை நிமிடத்தில் இன்னொன்று ஏற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும் வாடிக்கையாளர். வெளியிலிருந்து பவர் பிஐ மாதிரி ஒன்று நேரடியாக இணைய வேண்டும் என்பது. பில்கள் 10 மடங்கு ஆவது அந்தப் பட்டியலில் இல்லை.

கல்லாப்பெட்டி | 11 நவம்பர், மதியம் 3:15

எங்ககிட்ட அப்படி ஆள் இல்லை. இப்போதைக்கு எஸ்கியூலைட், லைட்ஸ்ட்ரீம், இரவு நகல். ஆனா பின்னாடி மாறணும்னா கஷ்டமா இருக்குமா? இப்பவே என்ன பார்த்து வைக்கணும்?

வட்டுத்தலை | 11 நவம்பர், மாலை 6:40

மாற்றத்தில் நேரம் தின்பது அளவு அல்ல, அழுக்கு. எஸ்கியூலைட் சும்மா விட்டதை போஸ்ட்கிரஸ் விடாது: 10 எழுத்து ஃபீல்டில் 14 எழுத்து, தேதி ஃபீல்டில் காலிச் சரம், சரத்துக்குள் நல் பைட். எஸ்கியூலைட் நீள வரம்பைப் பார்ப்பதே இல்லை, ஆகவே நீளத்துக்கும் "செக்" போடுங்கள். சோதனைகளைச் சிஐயில் (தானியங்கிச் சோதனை ஓட்டம்) போஸ்ட்கிரஸிலும் ஒருமுறை ஓட்டுங்கள். தேடல் குறியீட்டை ஒரே பைத்தான் ஃபைலுக்குள் அடையுங்கள், எஃப்டிஎஸ்5 அங்கே இல்லை, அதை மட்டும் புதிதாக எழுத வேண்டிவரும்.

மாற்றும் நாளில் "டம்ப்டேட்டா" வேண்டாம், பெரிய டேபிளில் ராமைத் தின்னும். டேபிள் வாரியாகச் சிஎஸ்வி, "காப்பி" கட்டளையால் ஏற்றம். ஏற்றியதும் "எஸ்கியூஎல்சீக்வென்ஸ்ரீசெட்" ஓட்டாவிட்டால் ஐடி சீக்வென்ஸ் 1 இல் நிற்கும், முதல் பில்லே "டூப்ளிகேட் கீ" என்று விழும். பூலியன் ஃபீல்டுகள் 0, 1 ஆக வரும், காப்பி அதை ஏற்கும். "செக்"கில் "டைப்ஆஃப்" வைத்ததை மைக்ரேஷனில் எஸ்கியூலைட்டுக்கு மட்டும் என்று பிரித்து வையுங்கள், அங்கே அந்த ஃபங்ஷன் இல்லை.

நைட்ஷிப்ட் | 11 நவம்பர், இரவு 11:40

11ஆம் தேதி. வால் 12 எம்பி.